அளந்து வாங்கிய தொலைக்காட்சி

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பார்கள் நம் பெரியோர். ஆற்று வளம் உள்ளவர்களுக்கே அளவு வேண்டும் என்றால், மானாவாரி நிலத்தையும் தீப்பெட்டி ஆபீஸ் கூலியையும் நம்பி வாழும் நம் கரிசல் சீமைக் குடும்பங்களுக்கு அளவு எவ்வளவு அவசியம் என்று சொல்லவும் வேண்டுமோ? சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டைத் திரைத் தொலைக்காட்சி வாங்க நேர்ந்தது. அப்பொழுது நாங்கள் கற்றுக்கொண்டவை என் தோழியருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோவில்பட்டிக்கு அருகே ஒரு கிராமத்தில் உள்ளது. அப்பா உளுந்தும் மக்காச்சோளமும் விதைக்கிறார். அம்மா தீப்பெட்டி ஆபீசில் பெட்டியில் குச்சி அடைக்கும் வேலை செய்கிறார். எங்களிடம் இருந்தது 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. தமிழக அரசு 2006ஆம் ஆண்டு தொடங்கி 2011 வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இலவசமாக வழங்கிய பெட்டிகளுள் அதுவும் ஒன்று. நான் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் அதை எனக்கு மூத்த அக்காள் என்றே சொல்லலாம். 2020ஆம் ஆண்டு கொரோனா நோயினால் கோவில்கள் அடைபட்டிருந்தபோது, எங்கள் ஆச்சி அந்தப் பெட்டியில்தான் பூசை கண்டார்கள். பின்னர் இடுப்பு எலும்பு முறிந்து நடமாட முடியாமல் போனபிறகு, தினமும் காலையில் கட்டிலில் சாய்ந்தபடியே செபமாலையும் கையுமாகத் திருப்பலி பார்ப்பது அவர்களுக்கு வழக்கமாயிற்று.

வானம் கறுத்தால் தொலைக்காட்சியின் பிளக்கைப் பிடுங்கி, கேபிள் வயரையும் கழற்றிவிட வேண்டும். இது வீட்டில் எனக்கென்று விடப்பட்ட வேலை. ஐப்பசி மாதத்தில் ஒருநாள் இரவு, மறுநாள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நான் அதை அடியோடு மறந்துபோனேன். ஒரே இடி! பெட்டிக்குள்ளிருந்து கருகிய வாடை வந்தது. மெக்கானிக் வந்து திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு இனிமே சாமான் கிடைக்காது" என்று கைவிரித்துவிட்டார். அப்பாவோ அம்மாவோ என்னை ஒரு சொல் கூடக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் மறுநாள் காலையில் ஆச்சி, அணைந்து கிடந்த பெட்டியைப் பார்த்தபடியே செபமாலை சொன்னார்கள். திட்டு வாங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திராது.

அம்மா சேர்த்து வந்த சீட்டு விழுந்து 20,000 ரூபாய் கைக்கு வந்தது. அதில் 7,000 ரூபாய் என் பதினோராம் வகுப்புச் செலவுக்கு என்று முதலிலேயே எடுத்து வைத்தாயிற்று. மீதி 13,000 ரூபாய்க்குள் பெட்டி வாங்க வேண்டும். தவறு செய்தவள் நான்தான் என்பதால், எதை வாங்குவது என்று விசாரித்துச் சொல்லும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பெட்டி பலகையான கதை

1926ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஜான் லோகி பெயர்டு என்பவர் தொலைக்காட்சியை அறிஞர்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் ஒளிபரப்பு தொடங்கியது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த 1982ஆம் ஆண்டில் இந்தியத் தொலைக்காட்சி வண்ணம் பெற்றது.

அக்காலத்துப் பெட்டிக்குள் ஒரு பெரிய கண்ணாடிக் குழாய் இருந்தது. அதன் பின்முனையிலிருந்து பாயும் எலெக்ட்ரான் கதிர் திரையின் உட்புறத்தில் கோடு கோடாக ஓடிப் படத்தை எழுதும். கதிர் பாய்வதற்கு இடம் வேண்டும் அல்லவா? அதனால்தான் பெட்டிக்கு அத்தனை பெரிய முதுகு.

இன்றைய தட்டைத் திரையில் குழாய் இல்லை. திரையின் பின்னால் வெள்ளை ஒளி எரிகிறது. அதன் முன்னே லட்சக்கணக்கான குட்டி ஜன்னல்கள் உள்ளன. ஒவ்வொரு ஜன்னலிலும் திரவப் படிகம் என்னும் பொருள் இருக்கிறது. மின்சாரத்துக்குத் தக்கபடி அது ஒளியை விடும், அல்லது மறிக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வடிகட்டிகள் வழியே வரும் ஒளி சேர்ந்து படமாகிறது. இந்தத் திரவப் படிகத்தின் விந்தையை 1888ஆம் ஆண்டு முதன்முதலில் கண்டவர் ஃபிரெடரிக் ரைனிட்சர் என்னும் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியல் அறிஞர். அவர் ஆராய்ந்துகொண்டிருந்த பொருள் கேரட் கிழங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்றால் வியப்பாக இல்லையா?

கடையில் 'எல்.இ.டி. டி.வி.' என்று சொல்லுகிறார்களே, அந்தப் பெயர் பின்னால் எரியும் விளக்கைத்தான் குறிக்கிறது. சாதாரண விலையில் விற்கும் எல்.இ.டி. பெட்டிகள் எல்லாவற்றிலும் முன்னால் இருப்பது திரவப் படிகத் திரையே ஆகும்.

முதலில் வீட்டை அள

நான் முதலில் கடைக்குப் போகவில்லை. தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டைத்தான் அளந்தேன். திரையின் அளவு என்பது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை குறுக்காக அளப்பது. 32 அங்குலத் திரை என்றால் அகலம் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர், உயரம் 40 சென்டிமீட்டர். சட்டத்தின் கனம் இதற்கு மேல். 43 அங்குலத் திரையின் அகலம் 95 சென்டிமீட்டர். எங்கள் சுவரில் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே உள்ள இடமே 90 சென்டிமீட்டர்தான்.

தம்பிக்கு 43 அங்குலத்தின் மேல் ஆசை. கிரிக்கெட் பந்து தெளிவாகத் தெரியுமாம். பழைய பெட்டியைவிட 32 அங்குலத் திரையே பரப்பில் நான்கு மடங்குக்கும் மேல் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் அவன் ஓய்ந்தான்.

புள்ளிக் கணக்கு

அடுத்து, புள்ளிகளின் எண்ணிக்கை. தொலைக்காட்சிப் படம் என்பது நம் வீட்டு வாசலில் இடும் கோலத்தைப் போலப் புள்ளிகளால் ஆனது. எச்.டி. ரெடி எனப்படும் திரையில் 1366க்கு 768, அதாவது சுமார் 10 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்.டி. திரையில் 1920க்கு 1080, சுமார் 21 லட்சம். 4கே திரையில் 3840க்கு 2160, சுமார் 83 லட்சம்.

புள்ளி கூடக்கூடப் படம் நன்றாக இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால் வீட்டுக்கு வரும் படத்தில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதையும் கேட்க வேண்டாமா? கேபிளில் வரும் சாதாரணச் சானல் ஒன்றின் படத்தில் 720க்கு 576 புள்ளிகளே உண்டு. பெருக்கிப் பாருங்கள், 4,14,720. இதை 4கே திரையில் பரப்பும்போது, வந்த ஒரு புள்ளியை 20 புள்ளிகளாக இழுக்க வேண்டும். ஒரு படி மாவை இருபது வீட்டுக்குப் பங்கிட்டால் எப்படி இருக்கும்! இல்லாத புள்ளியைப் பெட்டி ஊகித்து நிரப்பலாமே தவிர, அனுப்பப்படாத விவரத்தைக் கொண்டுவர இயலாது. எச்.டி. ரெடி திரையிலோ ஒரு புள்ளி இரண்டரைப் புள்ளியாக ஆவதோடு சரி. ஆதலால் சாதாரணக் கேபிள் மட்டும் உள்ள வீட்டில் பெரிய 4கே திரை மங்கலாகத் தோன்றினால், அது பெட்டியின் குற்றமன்று.

தூரமும் ஒரு கணக்கு. நல்ல பார்வை உள்ளவருக்கும் சுமார் 6 அடிக்கு அப்பால் 32 அங்குல எச்.டி. ரெடி திரையின் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிவதில்லை. ஆச்சியின் கட்டில் சுவரிலிருந்து ஏழரை அடி. எனவே அந்த அளவுத் திரையில் ஃபுல் எச்.டி.க்கு என்று கூடுதல் பணம் கொடுத்தாலும் ஆச்சியின் கண்ணுக்கு வேறுபாடு தெரியப்போவதில்லை. எச்.டி. சானல்களும் வேகமான இணைய இணைப்பும் உள்ள வீட்டார், 43 அங்குலத் திரையை ஆறடிக்குள் அமர்ந்து பார்ப்பவர்களாயின், ஃபுல் எச்.டி.யோ அதற்கு மேலோ வாங்குவதில் பொருள் உண்டு.

ஸ்மார்ட் தொலைக்காட்சி வேண்டுமா என்பதையும் இதே முறையில் முடிவு செய்யலாம். அதற்கு இணையம் தேவை. கைபேசியிலிருந்து இணையம் கொடுத்தால், தெளிவான படம் ஒரு மணி நேரம் ஓட ஒரு ஜி.பி.க்கு மேல் செலவாகும். எங்கள் ஊரில் கைபேசிச் சிக்னல் கிடைப்பதே மொட்டைமாடியில்தான். பிற்காலத்தில் தேவைப்பட்டால் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் சிறு கருவி ஒன்றை வாங்கிச் சாதாரணப் பெட்டியையே ஸ்மார்ட் ஆக்கிக்கொள்ளலாம். ஆகவே எச்.டி.எம்.ஐ. துளை இரண்டாவது இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பழைய செட்டாப் பாக்ஸ் வைத்திருப்போர் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்கள் செருகும் துளைகளும் உண்டா என்று பார்க்க வேண்டும். மாதச் சந்தா கட்ட இயலாதவர்கள், தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையை நினைவில் கொள்ளலாம். 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அச்சேவைக்கு டிஷ்ஷும் செட்டாப் பாக்ஸும் வாங்கும் செலவு மட்டுமே. மாதக் கட்டணம் இல்லை.

கடையில் செய்த சோதனைகள்

ஒரு சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் தம்பியும் நானும் கோவில்பட்டிக் கடைத்தெருவுக்குப் போனோம். கடையில் வரிசையாக எல்லாத் திரைகளிலும் மயிலும் அருவியும் பளபளவென்று மின்னின. கண் கூசியது. இங்கேதான் கவனம் வேண்டும். கடையில் ஓடுவது விளம்பரத்துக்கென்றே மிக நுணுக்கமாக எடுத்த படம். அதோடு, கடை வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிவதற்காக ஒளியையும் வண்ணத்தையும் கூட்டி வைத்திருப்பர்.

"அண்ணாச்சி, வீட்டில் பார்ப்பதுபோல் வைத்து, ஒரு சாதாரணக் கேபிள் சானல் போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இப்படிக் கேட்டு யாரும் வந்ததில்லையே, பாப்பா!" என்றார். ஆனால் மாற்றிக் காட்டினார். அந்தோ! மயில் பறந்துவிட்டது. 43 அங்குல 4கே திரையில் செய்தி வாசிப்பவர் முகம் மங்கலாகவும், 32 அங்குலத்தில் தெளிவாகவும் தெரிந்தன. புள்ளிக் கணக்கைத் தம்பி அப்பொழுதுதான் முழுதாக நம்பினான்.

அடுத்து நான் கடைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் நம் வீடுகளில் நாற்காலியிலா அமர்ந்து பார்க்கிறோம்? பாயில்தானே! சில திரைகளை நேரே நின்று பார்த்தால் அழகாகவும், கீழிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ பார்த்தால் கறுத்தும் வெளுத்தும் காணப்படும். அது உள்ளிருக்கும் திரவப் படிகம் அடுக்கப்பட்ட விதத்தைப் பொறுத்தது. ஒரே விலையில் இருந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றில், தரையிலிருந்து பார்த்தபோது முகங்கள் கரிபூசியது போலாயின. மற்றொன்று பக்கத்திலிருந்தும் மாறாமல் இருந்தது. ஆச்சியின் கட்டில் பக்கவாட்டில் கிடப்பதால் எங்களுக்கு இச்சோதனையே எல்லாவற்றிலும் முக்கியமாயிற்று.

மூன்றாவதாக, எங்கள் கணினி ஆசிரியை பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்த முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களை யு.எஸ்.பி. துளையில் செருகிப் பார்த்தோம். வெள்ளையில் கறுப்புப் பொட்டோ, கறுப்பில் ஒளிப்பொட்டோ தெரிந்தால் அந்தப் புள்ளி செத்துப்போனது என்று பொருள். நான்காவது, ஒலி. பெட்டி மெல்லியதாக ஆக ஆக ஒலிபெருக்கிக்கு இடம் குறைந்துவிடுகிறது. பாட்டை வைத்துப் பார்ப்பதைவிட, பேச்சை வைத்துச் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றனவா என்று பார்ப்பதே மேல். காது மந்தமான முதியோர் உள்ள வீட்டில் இதை மறக்கலாகாது.

தவணை என்னும் தூண்டில்

கடைக்காரர் நல்லவர். ஆயினும் வியாபாரம் வியாபாரம்தானே! "43 அங்குலம் 24,000 ரூபாய். வட்டியே இல்லை. மாதம் 2,000 வீதம் 12 மாதம் கட்டினால் போதும்" என்றார். அப்பாவின் முகத்தில் ஆசை எட்டிப் பார்த்தது. ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று நான் கேட்டேன். 22,800 என்றார். தவணைக்கு என்று வேறு கட்டணம் உண்டா என்றேன். 500 ரூபாயும் அதற்கு 18 சதவீத வரியும், ஆக 590 என்றார். கூட்டிப் பாருங்கள்: 'வட்டியில்லாத' கடனுக்கு 1,790 ரூபாய் கூடுதல்! வட்டி என்ற பெயர் இல்லையே தவிர, பணம் என்னவோ நம் பையிலிருந்துதான் போகிறது. மேலும், மழை பொய்த்தாலும் தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு விட்டாலும் தவணைத் தேதி நமக்காகக் காத்திருக்காது.

அம்மா ஒன்றும் பேசாமல் என் பதினோராம் வகுப்புப் பணம் இருந்த பர்ஸை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். முடிவு ஆகிவிட்டது.

மின்சாரமும் முத்திரையும்

32 அங்குல எல்.இ.டி. பெட்டி ஏறத்தாழ 50 வாட் மின்சாரம் இழுக்கும். நாளொன்றுக்கு 5 மணி நேரம் ஓடினால் நான்கு நாளைக்கு ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு 15 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம் என்பதால், அந்த அளவுக்குள் அடங்கும் சிறு குடும்பத்துக்கு இது சுமையாகாது. பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். நட்சத்திரங்களை எண்ணுவதோடு அந்த எண்ணையும் ஒப்பிட வேண்டும்.

நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயரைப் போட்டு எவரும் எதையும் விற்றுவிடாமல் அது காக்கிறது. அதுபோலத் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை உண்டு. அதன் அருகே 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். முத்திரையில்லாத பெட்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வரியையும் அறிந்துகொள்வோம். முன்பு 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் அவற்றுக்கும் 18 சதவீதமே. "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்று எவரேனும் சொன்னால் மயங்கக் கூடாது. பில் இல்லாவிட்டால் உத்தரவாதமும் இல்லை, முறையிட வழியும் இல்லை. உத்தரவாத அட்டையில் திரைக்கும் சேர்த்து எத்தனை ஆண்டு, பழுது பார்ப்பவர் வீட்டுக்கு வருவாரா, சர்வீஸ் நிலையம் கோவில்பட்டியிலா, திருநெல்வேலியிலா, மதுரையிலா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். குறை தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

இடியும் புழுதியும்

வாங்கிய பெட்டியைப் படுக்கப்போட்டு எடுத்துவரக் கூடாது. நிறுத்தியே கொண்டுவர வேண்டும். ஆடிக் காற்றில் நம்மூர்ப் புழுதி எதையும் விடாது. திரையை அணைத்துவிட்டு, மெல்லிய உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். தண்ணீரைத் திரைமேல் நேரே தெளித்தால் அது கீழ்விளிம்பில் இறங்கி மின்சுற்றைக் கெடுத்துவிடும். பெட்டியின் பின்புறம் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால், அந்த அளவுக்குள் ஏற்படும் ஏற்ற இறக்கத்தை அது தாங்கும். ஆனால் இடியைத் தாங்காது. மின்னலுக்குச் சிறந்த மருந்து பிளக்கையும் கேபிள் வயரையும் கழற்றுவதே. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. இதை அனுபவித்தவள் சொல்லுகிறேன்.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கையில் உள்ள பணம் எவ்வளவு? சுவரின் அகலம் என்ன? எத்தனை அடி தூரத்தில், எந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கிறோம்? வீட்டுக்கு வரும் சானல் எத்தகையது? அதிகம் பார்க்கப் போகிறவர் யார்? இவ்வைந்துக்கும் விடை தெரிந்துவிட்டால், பாதிப் பெட்டியை வீட்டிலேயே தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று பொருள்.

நாங்கள் 32 அங்குல எச்.டி. ரெடி பெட்டியை 11,800 ரூபாய்க்கு ரொக்கமாக வாங்கினோம். மீதி 1,200 ரூபாயை அம்மா என் படிப்புப் பணத்தோடு சேர்த்து வைத்தார்கள். மறுநாள் காலையில் ஆச்சி கட்டிலில் சாய்ந்து, புதுத் திரையில் திருப்பலி பார்த்தார்கள். முடிந்ததும் என்னை அழைத்து, "ஏ புள்ள, சாமியார் கையில் உள்ள மோதிரம்கூடத் தெரியுதே!" என்றார்கள். அவர் ஆயர் என்பதை நான் ஆச்சிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பழைய பெட்டியில் அந்த மோதிரம் ஒருநாளும் தெரிந்ததில்லை.

இப்பொழுதெல்லாம் மேற்கே மேகம் திரண்டால், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு முதலில் பிளக்கைப் பிடுங்கப் போகிறேன்.